செக்குபந்தி

பகலில் தாராபுரம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
பத்திரம் எழுதுகிறேன்.
ராத்திரி, வானம்.
எங்கோ ஒரு மலையுச்சித் தொலைநோக்கி எடுத்த படங்களில்
கணிப்பொறிக்குப் பிரிக்க வராதவை
சம்பளம் இல்லாத எங்களைத் தேடி வரும்.
ஒட்டிக் கிடக்கும் வெளிச்சத்தில்
எது எதனுடையது, சொல்ல வேண்டும்.

இன்று பகலில் ராக்கியண்ணனும் தெய்வாத்தாளும் வந்திருந்தார்கள்.
அண்ணன், தங்கை.
நடுவில் ஒரு நாற்காலி காலி.
ஏழு ஏக்கர் கொறங்காடு, ஒரு கிணறு,
ஐந்து குதிரைத்திறனில் ஒரு மோட்டார், ஒரே மின் இணைப்பு.
நிலத்தில் கோடு விழும்.
தண்ணீரில் எங்கே விழும்?
'கிணற்றில் சரிபாதி, முறை வைத்து
மூன்று நாள் அவர், மூன்று நாள் இவர்' என்று எழுதினேன்.
"ஏழாம் நாளு?" என்றார் தெய்வாத்தாள்.
"கெணறு ஊறட்டும்" என்றார் அண்ணன்.
அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.
திரையில் ஒரு வெள்ளைத் திட்டு,
அதன் மேற்கு விலாவில் ஒரு புடைப்பு.
கணிப்பொறி இதை ஒரே பட்டாவாகப் போட்டிருக்கிறது,
பெரியதன் பேரில் மொத்த வெளிச்சமும்.
முந்தின படத்தில் நேர்மாறு:
முழுசான ஒரு சுருளை, கைகளை எண்ணி,
ஏழு துண்டாக்கி ஏழு எண் கொடுத்திருந்தது,
மனை போட்டு விற்கிறவன் மாதிரி.

கோடு போட்டு வெட்டலாம்.
வெட்டினால் இங்கே கசிந்தது அங்கே போய்விடும்.
வெளிச்சம் கிணற்றுத் தண்ணீர் வகை.
புள்ளி புள்ளியாக முறை வைக்க வேண்டும்:
இந்தக் கட்டத்தில் முக்கால் பெரியது, கால் மற்றது.

மறைந்த பக்கத்தை அறிய
மறையாத பக்கத்தைக் கேட்க வேண்டும்.
பெரியதை நடுப்புள்ளியில் குத்தி
அரைச்சுற்றுத் திருப்புகிறேன்.
கிழக்கு விலாவில் எவ்வளவோ
மேற்கிலும் அவ்வளவே என்று வைத்துக்கொள்.
அதற்கு மேல் இருப்பது அதனுடையதல்ல.
கழிக்கிறேன்.

வருகிறது.
சின்னது. சிவப்பு.
ஒரு பக்கம் நசுங்கிய சோளப்பொரி.

ஜன்னலில் காற்றாலை உச்சியின் சிவப்பு விளக்கு
ஒரு நட்சத்திரத்தோடு ஒட்டி நின்றது.
தலையைச் சாய்த்தேன், விலகிக்கொண்டது.
திரையில் இருப்பவற்றுக்கு
அப்படிச் சாய்க்க என் தலை போதாது.
பெரியது கிட்டே. சின்னது அதன் முதுகுக்குப் பின்னால்
எத்தனை கோடி ஒளியாண்டோ.
அவற்றுக்குள் வழக்கில்லை, பாகமில்லை,
பேசாமல் கழிந்த பதினோரு வருஷமில்லை.
நான் நிற்கும் இடத்துக்குத்தான் வழக்கு.

கைப்பழக்கத்தில் குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
'இருட்டுக்கும் தெற்கு, பெரியதற்கும் மேற்கு,
இருட்டுக்கும் வடக்கு, இருட்டுக்கும் கிழக்கு,
இதன் மத்தியில் உள்ள வெளிச்சம் பூராவும்'
அழித்துவிட்டேன்.

இரண்டையும் கழித்த பிறகும் மிச்சம் இருந்தது.
நூலளவு வளைந்த ஒரு மங்கல்.
கருவியின் அழுக்கா, பெரியதிலிருந்து உதிர்ந்த வாலா,
மூன்றாவதாக யாராவதா.
'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு.
இருபத்திரண்டு வருஷமாக ஒரு பத்திரத்திலும்
நான் எழுதாத சொல்.
டிக் அடிக்க வெகு நேரம் பிடித்தது.

காலையில் போன். தெய்வாத்தாள்.
"ஏனுங்க, நடுக்கோடு போட்டமே,
அந்தக் கிளுவை வேலி யாரு பங்குங்க?
ரெண்டு பக்கமும் தழைஞ்சு அஞ்சடிக்கு நிக்குது."
நகலைப் பிரித்துப் பார்த்தேன்.
கோட்டின் நீளம் இருந்தது, மீட்டரில், புள்ளி வைத்து.
அகலம் இல்லை.
"சீக்கிரஞ் சொல்லுங்க.
எங்கண்ணன் வெட்டோணும்னு நிக்குது.
உள்ளுக்குள்ள கவுதாரி முட்டை வெச்சிருக்குதுங்க."